குடல்வால் வலிக்கு முதுகில் ஊசி! வழிகாட்டும் கருவிக்கு ஏன் காவல்?

குடல்வால் வலி வந்தவரைப் பார்த்தாலே தெரியும். அவர் நிமிர்ந்து நடக்க மாட்டார். அடிவயிற்றின் வலது பக்கத்தைக் கையால் பிடித்தபடி குனிந்து நடப்பார். இருமினால் வலி. தும்மினால் வலி. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் உயிர் போகிற வலி.

இங்கிலாந்து டாக்டர்கள் இதை ஒரு சோதனையாகவே நடத்தினார்கள். வயிற்று வலியோடு வந்தவர்களிடம், "வழியில் வேகத்தடை மீது வண்டி ஏறியபோது வலித்ததா?" என்று கேட்டார்கள். குடல்வால் நோய் உறுதியான 34 பேரில் 33 பேர், "ஆமாம், வலித்தது" என்றார்கள். இந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது.

இங்கிலாந்தின் வழவழப்பான சாலையிலேயே இந்தக் கதி. தர்மபுரி மாவட்டத்தின் மலைப்பாதையில் வருகிறவரின் நிலை என்ன?

இந்த வலியை ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன் அடக்க முடியாதா?

முடியும். மாத்திரை இருக்கிறது. ஊசி இருக்கிறது. இப்போது புதிய முறை ஒன்றும் வந்திருக்கிறது. வலியைச் சுமந்து செல்லும் நரம்பின் அருகிலேயே மருந்தைப் போட்டு, அந்த நரம்பை மட்டும் சில மணி நேரம் மரத்துப்போகச் செய்வதுதான் அது.

ஆனால் இந்த முறைக்கு ஒரு ஸ்கேன் கருவி வேண்டும். தர்மபுரியில் ஸ்கேன் கருவி என்றால் அதிகாரிகள் உஷாராகி விடுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் கண்ணீர்க் கதை.

சுண்டுவிரல் அளவு

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் வால் போல் ஒரு சிறு குழாய் தொங்குகிறது. அதன் நீளம் 3 அல்லது 4 அங்குலம். பருமன் சுண்டுவிரலை விடக் குறைவு. இதுதான் குடல்வால்.

இதன் வாய் அடைபட்டால் உள்ளே கிருமி பெருகும். குழாய் வீங்கும். சீழ் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் உடைந்துவிடும். சீழ் வயிறு முழுவதும் பரவும். அப்போது உயிருக்கே ஆபத்து.

வயிற்றுக்குள் சீழ் பிடித்துப் பலர் இறப்பதற்கு இந்தச் சிறு குழாயே காரணம் என்று அமெரிக்க டாக்டர் ரெஜினால்டு பிட்ஸ் 1886-ல் எடுத்துச் சொன்னார். நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை வைத்தவரும் அவரே.

வலி இடம் மாறுவது ஏன்?

குடல்வால் இருப்பது வலது அடிவயிற்றில். ஆனால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கும். சில மணி நேரம் கழித்து வலது பக்கம் இறங்கும். இது என்ன விந்தை?

விந்தை இல்லை. இரண்டு வகை நரம்புகள் சேர்ந்து செய்யும் வேலை இது.

குடலில் இருந்து செல்லும் நரம்பு ஒரு வகை. அதற்கு இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாது. குடல்வாலின் நரம்பும் தொப்புள் பகுதித் தோலின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் போய்ச் சேருகின்றன. ஆகவே மூளை ஏமாந்துவிடுகிறது. குடல்வாலில் வலி எடுத்தால், தொப்புளில் வலிப்பதாக நினைத்துக் கொள்கிறது.

நேரம் ஆக ஆக, வீங்கிய குடல்வால் வயிற்றுச் சுவரின் உட்புறத்தில் உரசுகிறது. வயிற்றுச் சுவரின் நரம்பு இரண்டாவது வகை. அதற்கு இடம் நன்றாகத் தெரியும். "இதோ, இங்கேதான்" என்று அது காட்டிக் கொடுக்கிறது. வலி வலது பக்கம் இறங்குவது அப்போதுதான்.

புதிய ஊசி குறி வைப்பது இந்த நரம்புகளைத்தான்.

நூறு வருடப் பயம்

"வலியை அடக்கிவிட்டால் நோய் மறைந்துவிடும். டாக்டருக்கு நோய் தெரியாமல் போய்விடும்."

இப்படி ஒரு பயம் மக்களிடம் உண்டு. டாக்டர்களிடமும் வெகுகாலம் இருந்தது.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆபரேஷன் டாக்டர் சக்காரி கோப். திடீர் வயிற்று வலி பற்றி 1921-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். நோய் இன்னதென்று முடிவு செய்வதற்கு முன் மார்பின் ஊசி போடக்கூடாது என்று அதில் எச்சரித்தார். உலகம் முழுவதும் டாக்டர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்தார்கள். அவர் சொன்னதைக் கடைப்பிடித்தார்கள்.

அவர் காலத்தில் அது நியாயம்தான். அப்போது ஸ்கேன் கிடையாது. டாக்டரின் விரல்தான் ஸ்கேன். வயிற்றை அழுத்துவார். நோயாளி துடிப்பதைப் பார்த்து முடிவு செய்வார். வலி அடங்கிவிட்டால் துப்புக் கிடைக்காது என்று பயந்தார்கள்.

இன்று ஸ்கேன் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது மட்டுமல்ல. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் கோக்ரேன் என்ற அமைப்பு 2011-ல் ஒரு முடிவை வெளியிட்டது. வயிற்று வலியோடு வருகிறவருக்கு முன்கூட்டியே வலி மருந்து கொடுத்தால், நோயைக் கண்டுபிடிப்பதில் தவறு கூடுவதில்லை என்பதே அந்த முடிவு.

ஆகவே துடிக்க விட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அபின் தந்த மருந்து

கடுமையான வலிக்குப் பெயர் போன மருந்து மார்பின். அது அபினில் இருந்து எடுக்கப்படுகிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசாங்க அனுமதியோடு அபின் பயிர் செய்கிறார்கள்.

ஆனால் மார்பினை வாங்குவது எளிதாக இருக்கவில்லை. போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தது. போதைக்காரனைப் பிடிக்கப் போட்ட பூட்டு, நோயாளியின் வாசலையும் பூட்டியது. பல ஆஸ்பத்திரிகள் பல லைசென்சுகளுக்கு அலைய முடியாமல் மார்பின் வாங்குவதையே விட்டுவிட்டன. 2014-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வலி மருந்து கிடைப்பதற்கு வழி எளிதாயிற்று.

மார்பினுக்கு வேறு குறையும் உண்டு. குமட்டும். தூக்கம் வரும். அளவு கூடினால் மூச்சு தளரும். அதனால்தான், உடம்பு முழுவதும் பரவாமல் வலிக்கிற இடத்தை மட்டும் அடக்கும் மருந்தை டாக்டர்கள் தேடினார்கள்.

பல் டாக்டரின் ஊசி

அப்படிப்பட்ட மருந்து ஏற்கெனவே எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

பல் பிடுங்கும் முன் டாக்டர் ஈறில் ஓர் ஊசி போடுகிறார். கன்னம் மரத்துப்போகிறது. பல்லைப் பிடுங்குவது தெரிகிறது, வலி தெரிவதில்லை. நோயாளி விழித்துக் கொண்டுதான் இருக்கிறார். அந்த மருந்து பெரும்பாலும் லிக்னோகேன். சுவீடன் நாட்டு ரசாயன அறிஞர் லோப்கிரேன் 1943-ல் அதைக் கண்டுபிடித்தார்.

மரத்துப்போகும் மருந்து என்ன செய்யும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு.

1961 ஏப்ரல் மாதம். தென் துருவப் பகுதியில் ருஷிய நாட்டு ஆராய்ச்சி முகாம். அங்கே இருந்த ஒரே டாக்டர் லியோனிட் ரோகசோவ். வயது 27. அவருக்கே குடல்வால் நோய் வந்துவிட்டது. வெளியே பனிப்புயல். விமானம் வர முடியாது. வேறு டாக்டரும் இல்லை.

அவர் துணிந்தார். தம் வயிற்றுச் சுவரில் தாமே மரத்துப்போகும் ஊசியைப் போட்டுக்கொண்டார். கூட இருந்தவர்கள் விளக்கும் கண்ணாடியும் பிடித்தார்கள். தம் வயிற்றைத் தாமே அறுத்து, குடல்வாலை வெட்டி எடுத்தார். ஆபரேஷன் 1 மணி 45 நிமிடம் நடந்தது. இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்!

அவர் மருந்தைப் போட்டது அறுக்க வேண்டிய இடத்தில். புதிய முறையில் மருந்தைப் போடுவது நரம்பு வரும் வழியில். வித்தியாசம் அதுதான்.

முதுகில் ஏன் ஊசி?

வீட்டில் ஒரு விளக்கை அணைக்க வேண்டும். பல்பைக் கழற்றலாம். சுவரில் உள்ள சுவிட்சையும் தட்டலாம். நரம்பு மரப்பு ஊசி என்பது சுவிட்சைத் தட்டுவது போன்றது.

வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே நரம்புகள் ஓடுகின்றன. அந்த இடைவெளியில் மருந்து போடலாம் என்று டாக்டர் ரபி என்பவர் 2001-ல் எழுதினார். ஸ்கேன் கருவியில் பார்த்துக் கொண்டே அதைப் போடும் முறையை ஆஸ்திரேலிய டாக்டர்கள் 2007-ல் சொன்னார்கள்.

அடுத்து 2016-ல் கனடாவில் டாக்டர் பொரேரோவும் அவருடைய குழுவினரும் இன்னொரு வழியைக் காட்டினார்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் நீளமான தசைகள் இருக்கின்றன. அந்தத் தசைக்கு அடியில், எலும்பை ஒட்டி மருந்தைப் போட வேண்டும். நரம்புகள் தண்டுவடத்தில் இருந்து புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் அது பரவும். மார்பு வலிக்காக அவர்கள் கண்ட வழி இது.

அமெரிக்காவில் ஓக்லாந்து நகரின் ஹைலண்ட் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இதையே குடல்வால் வலிக்குப் பயன்படுத்தினார்கள். ஆபரேஷன் அறையில் அல்ல. அவசர சிகிச்சைப் பிரிவிலேயே! அந்த விவரத்தை 2019-ல் வெளியிட்டார்கள்.

பெரியவருக்கு 20 முதல் 30 மில்லி வரை மருந்து போடுவது வழக்கம். சுமார் அரை மணி நேரத்தில் வலி தணியத் தொடங்கும். பல மணி நேரம் அந்தச் சுகம் நிற்கும்.

இது குடல்வால் நோய்க்கு மருந்து அல்ல. வலிக்கு மட்டுமே மருந்து. நோய்க்கு ஆபரேஷனோ டாக்டர் சொல்லும் வேறு சிகிச்சையோ நடந்தே ஆக வேண்டும். அவசர சிகிச்சையில் இதைப் பற்றி நடந்த ஆய்வுகள் சிறியவை. பெரிய ஆய்வுகள் இன்னும் வேண்டும். சாதாரண வலி மருந்துகளைக் கொடுத்தும் வலி அடங்காதபோது, கூடுதல் உதவிக்கு நிற்பது இந்த ஊசி.

ஆபத்தும் உண்டு. மருந்து தவறிப்போய் ரத்தக் குழாயில் ஏறிவிட்டால் வலிப்பு வரலாம். இதயத் துடிப்பு தடுமாறலாம். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. அது பால் போல் வெள்ளையாக இருக்கும் கொழுப்பு மருந்து. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த ஊசியைப் போட வேண்டும்.

ஊசியின் முனை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே போடுவது இன்னும் பெரிய காப்பு. பார்ப்பதற்கு உதவுவது ஸ்கேன் கருவி.

தர்மபுரியின் தூரம்

தர்மபுரி மாவட்டம் சேலத்தில் இருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-ந் தேதி பிறந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் போயிற்று. மிச்சம் உள்ள மாவட்டத்தில் காடும் மலையும் நிறைய. அரூர் பக்கம் சித்தேரி மலை. தர்மபுரிக்கு அருகே வத்தல்மலை. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை. 2021 சட்டசபைத் தேர்தலில் பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு ஓட்டு எந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி போகப் பாதை இல்லை!

மலையில் ஒரு பையனுக்குக் குடல்வால் வலி வந்தால் என்ன ஆகும்? முதலில் அடிவாரம் வர வேண்டும். பிறகு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தாலுகா ஆஸ்பத்திரி. அங்கேயும் முடியாவிட்டால் தர்மபுரி. ஒவ்வோர் இடத்திலும் காத்திருக்க வேண்டும்.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடத் தொடங்கியது. அவசர சிகிச்சையைத் தனிப் படிப்பாக இந்திய மருத்துவக் கவுன்சில் 2009-ல் ஏற்றுக்கொண்டது. முன்பு அவசரப் பிரிவு என்றால் நோயாளியை வார்டுக்கு அனுப்பும் வாசல் என்று இருந்தது. இப்போது அங்கேயே சிகிச்சை தொடங்கும் காலம் வந்திருக்கிறது.

அந்தச் சிகிச்சையில் வலியைத் தணிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

கருவிக்குக் காவல் ஏன்?

இங்கேதான் ஸ்கேன் கருவியின் மறுபக்கம் வருகிறது.

பெண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடும் கொடுமை சேலம், தர்மபுரிப் பகுதியில் இருந்தது. அதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2001-ல் தர்மபுரியிலும் தொட்டில் வைத்தது. "கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ" என்று கெஞ்ச வேண்டிய நிலை!

பிறகு ஸ்கேன் கருவி வந்தது. கருவில் இருப்பது பெண் என்று தெரிந்தால், பிறக்கும் முன்பே கலைத்தார்கள்.

கணக்கைப் பார்த்தால் நெஞ்சு பதறும். 2001 மக்கள் தொகைக் கணக்குப்படி, தர்மபுரியில் 6 வயது வரை உள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான். 2011-ல் அது 913 ஆக உயர்ந்தது. தமிழ்நாடு முழுவதற்குமான கணக்கு அப்போது 943. முன்னேற்றம் உண்டு. ஆனால் குறை தீரவில்லை.

2022-ல் தர்மபுரியில் ஒரு கும்பல் பிடிபட்டது. ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு, கருவில் ஆணா பெண்ணா என்று காசு வாங்கிச் சொன்ன கும்பல் அது. அதற்குப் பின்னும் இப்படிப்பட்ட கைதுகள் நடந்தன.

கையில் தூக்கிச் செல்லும் அந்தக் கருவிதான் ஊசி முனைக்கும் வழி காட்டுகிறது. ஓர் இடத்தில் உயிர் எடுத்தது. இன்னோர் இடத்தில் வலி தீர்க்கிறது.

சட்டம் தடுக்கிறதா?

கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் நிறைவேறியது. 1996 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 2003-ல் இன்னும் கடுமையாயிற்று. முதல் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை. 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை சிறை; 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

ஸ்கேன் கருவியைப் பதிவு செய்ய வேண்டும். அது எங்கே இருக்கிறது, யார் இயக்குகிறார்கள் என்பது அதிகாரிக்குத் தெரிய வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் கருவியைப் பதிவு பெற்ற இடத்துக்குள், அங்கே சேர்க்கப்பட்ட நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம். பல சிகிச்சைகளும் தரும் நடமாடும் மருத்துவ வண்டியிலும் வைத்துக் கொள்ளலாம். வேறு இடத்துக்குக் கொண்டு போகக்கூடாது.

ஆக, மரப்பு ஊசிக்குச் சட்டம் தடை போடவில்லை. கணக்கு வைத்துக்கொள் என்றுதான் சொல்கிறது. ஆனால் கெடுபிடிக்குப் பயந்து, கருவியை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரத் தயங்கினால் துடிப்பது நோயாளிதான்.

சட்டத்தைத் தளர்த்தினால் தீருமா? தர்மபுரியில் அந்தப் பேச்சே கூடாது. 826 என்ற எண்ணை மறக்க முடியாது. பூட்டு இருக்கட்டும். சாவி சரியான கையில் இருக்கட்டும்.

மார்பினுக்கு 2014-ல் செய்தது அதுதான். போதைக்குப் பூட்டு அப்படியே இருக்கிறது. நோயாளிக்கு வாசல் திறந்தது.

ஸ்கேன் கருவிக்கோ சட்டத்தைத் திருத்தக்கூடத் தேவை இல்லை. அவசரப் பிரிவுக்கென்று ஒரு கருவி. அதை முறைப்படி பதிவு செய்தல். பயிற்சி பெற்ற டாக்டரின் பெயர் பதிவேட்டில். யாருக்கு, எந்த நேரத்தில், எதற்காகப் பயன்பட்டது என்ற கணக்கு தினமும். இவ்வளவும் செய்தால் பெண் சிசுவுக்கும் காவல். வலியில் துடிப்பவருக்கும் ஆறுதல்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

ஆஸ்பத்திரியில் எத்தனை கருவி இருந்தாலும், நோயாளி நேரத்தோடு வந்தால்தான் பயன்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி. சாப்பிடப் பிடிக்காமை. வாந்தி. லேசான காய்ச்சல். இவை தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் வலி ஒரே மாதிரி வராது. சிறு குழந்தைக்கும் வயதானவருக்கும் கர்ப்பிணிக்கும் வேறு மாதிரி வரலாம். பெண்களுக்குக் கருப்பைக் குழாய்க் கோளாறிலும் இதே இடத்தில் வலி எடுக்கும்.

"வாய்வு" என்று சொல்லி விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுக்கக்கூடாது. வயிற்றைத் தடவி நீவக்கூடாது. டாக்டர் பார்க்கும் வரை சாப்பாடு கொடுக்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்றும் முக்கியம். கடுமையாக வலித்துக் கொண்டிருந்தது, மருந்து எதுவும் கொடுக்காமல் திடீரென்று நின்றால், "சரியாகிவிட்டது" என்று திரும்பிவிடக் கூடாது. குடல்வால் உடைந்தாலும் சற்று நேரம் வலி குறையும். அது பெரிய ஆபத்து. ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து போட்டு வலி நின்றால் பயம் வேண்டாம். அப்போதும் நாடி, காய்ச்சல், ரத்த அழுத்தம் மூன்றையும் அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் வலி நின்றது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. நோய் உள்ளே இருக்கிறது.

"வலி தாங்க முடியவில்லை, ஏதாவது மருந்து கொடுங்கள்" என்று டாக்டரிடம் கேட்பது தவறு அல்ல. அது நோயாளியின் உரிமை.

ஊர் தூரம். பாதை மோசம். இவற்றை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பின்னும் துடிக்க வேண்டியதில்லை. அதற்கு மருந்து இருக்கிறது, வழி இருக்கிறது.